முட்டி எலும்பு

கருத்தரங்கக் கூடத்தில் யாரோ மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வு மாணவி செம்மொழி, மேடைக்குக் கீழே ஓரமாக உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, இன்னும் சற்று நேரத்தில் திரையில் காட்டவேண்டிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, ஒன்றில் நின்றாள். இயற்பியல் துறைக்குப் பின்புறம் சைக்கிள் விடும் தகரக் கொட்டகையில் எடுத்த படம். ஒற்றை அடுப்பின் மேல் அலுமினியக் குண்டான். நுரை தள்ளும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஒரு மாட்டின் தொடை எலும்பு. அதை இடுக்கியால் பிடித்திருக்கும் கை மட்டும்தான் படத்தில் இருந்தது, முகம் இல்லை. ஆனால் மணிக்கட்டில் சிவப்பு வார் போட்ட கடிகாரம் இருந்தது. பத்தாம் வகுப்பில் அவள் பள்ளியிலேயே முதலாக வந்ததற்கு அப்பா கும்பகோணம் போய் வாங்கி வந்தது. அவள் படத்தை அழித்தாள். அந்த இடத்தில் ஒரு வரி மட்டும் மிஞ்சியது: மாதிரிகள் முறைப்படி தயாரிக்கப்பட்டன.

அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, தோளில் துண்டு. காலடியில் மஞ்சள் பை. அதில் சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் அம்மாவுக்குக் கொடுக்க நல்ல பூவன் சீப்பு ஒன்று. அப்பாவின் பெயர் இராஜாங்கம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர். கூலிக்கு நடவும் அறுப்பும் செய்து, பிறகு குத்தகைக்குப் பிடித்து, கடைசியில் அதில் கொஞ்சம் நிலத்தைத் தன் பெயருக்கே கிரயம் செய்துகொண்டவர். கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் தவறாமல் போவார். போனால் ஒரு கேள்வியாவது கேட்காமல் திரும்பமாட்டார். இரண்டு நாளுக்கு முன்னால் செம்மொழி, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வான வைவா என்றால் என்னவென்று அவருக்கு விளக்கியபோது, "முடிவுல யாரு வேணா கேள்வி கேக்கலாம்ப்பா, பொதுமக்கள்கூட" என்று சொல்லியிருந்தாள். சொன்னபோது அது பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா வேம்பு வரவில்லை. "குறுவைக்கு களையெடுப்புடி, ஆளு விட்டிருக்கு, நான் இல்லாட்டி சும்மா நின்னு பேசிக்கிட்டு இருப்பாளுவ" என்றாள் வேம்பு. பிறகு, அப்பா கொல்லைப் பக்கம் போனதும், குரலைத் தாழ்த்தி, "எனக்கு மொகத்துல காட்டிரும்" என்றாள்.

அம்மாவுக்குத் தெரியும். முதல் வருடம் விடுமுறைக்கு வந்தபோது செம்மொழியின் சுடிதாரைத் துவைக்க எடுத்தவள், அதை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். சீயக்காய்த் தூளைப் போட்டுத் தனியாக ஊறவைத்தாள். இரண்டு தரம் அலசி, வெயிலில் போட்டு, காய்ந்ததை மடித்துப் பையில் வைக்கும்போதுதான் பேசினாள். "அப்பாகிட்ட சொல்லாத. எங்கிட்டயும் சொல்லாத."

செம்மொழிக்கு நினைவு தெரிந்து அவர்கள் வீட்டில் மாட்டுக்கறி வந்ததில்லை. தெருவிலேயே வந்ததில்லை. கறி என்றால் கோழி, இல்லாவிட்டால் வாய்க்காலில் பிடித்த கெண்டை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் அப்பாவின் இடது கையில் இருந்தது. முழங்கைக்குக் கீழே அந்தக் கை நேராக வராது. மடை பார்த்துத் திரும்பும் வாய்க்கால்போல ஓரிடத்தில் வெளிப்பக்கம் வளைந்து, பிறகு மணிக்கட்டுக்கு வரும்.

அப்பாவுக்கு அப்போது பதினாலு வயது. பண்ணை வீட்டுக் கொட்டிலில் உழவு மாடு செத்துவிட்டால், தெருவிலிருந்து ஆள் போய் மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, தோலை உரித்துப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். அந்த வருடம் தெரு முழுக்கக் கொடிக்கம்பத்தடியில் கூடி, இனிச் செத்த மாட்டைத் தொடுவதில்லை, அதன் தோலோ எலும்போ கறியோ எதுவும் தெருவுக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தார்கள். மறு வாரமே ஒரு மாடு செத்தது. பண்ணையின் காரியக்காரர் வந்து கூப்பிட்டபோது பெரியவர்கள் எல்லோரும் நடவில் இருந்தார்கள். வாசலில் நின்றது இராஜாங்கம் ஒருவன்தான். "வர முடியாதுங்க" என்றான். காரியக்காரர் மறுபடி கேட்டார். அவன் மறுபடி அதையே சொன்னான். புளியங்கம்பால் தலைக்கு வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுத்தான். எலும்பு இரண்டாக ஒடிந்தது. வைத்தியர் கட்டிய கட்டில் அது சரியாகச் சேரவில்லை.

இதைச் சொல்லும்போது அப்பா அடியைப் பற்றி அதிகம் பேசமாட்டார். முடிவைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். தெருவில் ஒருவர்கூடப் போகவில்லை. மாடு கொட்டிலிலேயே கிடந்து உப்பியது. நாற்றம் பண்ணை வீட்டுக் கூடத்துக்குள் போனது. கடைசியில் டிராக்டரில் சங்கிலியைக் கட்டினார்கள். "அவங்களே இழுத்துக்கிட்டு போனாங்க பாப்பா. அவங்களே." அந்த 'அவங்களே'யில் ஒரு ருசி இருக்கும். செம்மொழி சின்னவளாக அவர் மடியில் உட்கார்ந்து அந்த வளைவை விரலால் தடவிக்கொண்டே கேட்பாள், உள்ளே எலும்பு எப்படி இருக்கும் என்று. அவள் எலும்புக்குள் ஒலியை அனுப்பிப் பார்க்கும் படிப்புக்கு வந்ததற்கு விண்ணப்பத்தில் வேறு காரணம் எழுதியிருந்தாள். உண்மையான காரணம் அந்தக் கைதான்.

காதுக்குக் கேட்காத ஒலியை எலும்புக்குள் விட்டு, மறுபக்கம் வருவதைப் பதிவுசெய்து, எலும்பு எவ்வளவு கெட்டி, எவ்வளவு தேய்ந்தது என்று சொல்வதுதான் ஆய்வு. மூட்டுக்குப் பக்கத்து எலும்பு வெளியிலிருந்து பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே தேன்கூடுபோலப் பொத்தல். ஒரு ஒலியை அனுப்பினால் அது உள்ளே போய் இரண்டாகிவிடும். ஒன்று எலும்புச் சட்டத்தின் வழியே வேகமாகப் போகும். இன்னொன்று பொத்தல்களில் இருக்கும் நீரின் வழியே மெதுவாகப் போகும். மறுபக்கம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்து சேர்வதால் திரையில் ஒரே அலையாகத்தான் தெரியும். அதை ஒரே அலை என்று நம்பி அளந்தால் விடை கோணலாக வரும். எந்தக் கோட்பாட்டுக்கும் ஒத்துவராத வேகம் வரும். பல காலம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. செம்மொழி செய்தது அந்த ஓர் அலையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் கணக்கு. இந்த வேகம் இருக்கலாமா, ஒலி இந்த அளவு தேயலாமா என்று கணினி ஆயிரமாயிரம் ஊகங்களை எடுத்துப் பார்க்கும். ஒவ்வொன்றையும் வந்த அலையோடு ஒப்பிட்டு, எதற்கு எவ்வளவு நிகழ்தகவு என்று எடைபோடும். ஒத்துவராதது உதிர்ந்து, ஒத்துவருவது குவியும். குவிந்த இடத்தில் இரண்டு அலைகளும் தனித்தனியாக நிற்கும்.

அப்பாவுக்கு அதை வயலை வைத்துச் சொன்னாள். "ரெண்டு பேர் ஒண்ணா கெளம்புறாங்கன்னு வச்சுக்கப்பா. ஒருத்தன் வரப்பு மேல போறான். இன்னொருத்தன் சேத்துல எறங்கிப் போறான். வயல் பெருசா இருந்தா யாரு மொதல்ல வர்றான்னு தெரியும். சின்ன வயலா இருந்தா ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒண்ணா வந்துருவாங்க. நீ இருட்டுல அந்தக் கரையில நின்னு சத்தத்த மட்டும் கேக்குற. வந்தது ஒருத்தனா ரெண்டு பேரான்னு கண்டுபிடிக்கணும்."

அப்பா பீடியை அணைத்துவிட்டு யோசித்தார். "சேத்துல வர்றவந்தான் எப்பவும் லேட்டா?"

"ஆமாப்பா."

"அது தெரிஞ்ச கதைதானே. இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" என்று சிரித்தார். பிறகு இடது கையை நீட்டி, "இத அந்த மிஷின்ல வச்சா என்ன காட்டும்?" என்றார். ஒருநாள் கூட்டிப்போய் வைத்துப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னாள். சொல்லி நாலைந்து வருடம் ஆகிவிட்டது. ஆய்வுக்கூடத்துக்கு அவரைக் கூட்டி வந்தால் அவர் எல்லாவற்றையும் பார்ப்பார்.

கணக்கு சரியா என்று சோதிக்க எலும்பு வேண்டும். மனித எலும்பு கிடைக்காது. உலகம் முழுக்க இந்த ஆய்வைச் செய்பவர்கள் பயன்படுத்துவது மாட்டின் தொடை எலும்பின் முட்டிப் பக்கம். அவள் சேர்ந்த புதிதில் வழிகாட்டி சந்திரகாசன் மாணவர்கள் நாலு பேரையும் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் கொதித்து, சோப்புத்தூள் போட்டதும் எழுந்த வாடையில் வளவன் என்ற சீனியர் ஓடிப்போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தான். "அவனால முடியாது, விடுங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு பெண், தன் வீட்டில் விரதம் என்றாள். மற்றவன் காலால் மண்ணைக் கிளறினான். சந்திரகாசன் செம்மொழி பக்கம் திரும்பினார். நல்ல மனிதர். அவளுக்கு உதவித்தொகை கிடைக்கத் திருச்சிக்கும் சென்னைக்கும் தானே அலைந்தவர். அவள் டப்பாவிலிருந்து புளிச்சோற்றை எடுத்துச் சாப்பிடுபவர்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஒங்க பக்கம் இதெல்லாம் பழக்கமா இருக்கும்ல? நீ பாத்துக்கறியா?"

அவள் அதுவரை மாட்டு எலும்பைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. "சரிங்க சார்" என்றாள். மற்றவர்கள் போன பிறகு அவளும் அதே வேப்பமரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அடுப்பைச் சிறிதாக்கினாள். அவள் வாந்தி எடுத்ததை யாரும் பார்க்கவில்லை.

பிறகு பழகிப்போனது. தஞ்சாவூரில் மீரா உசேன் கடையில் எலும்பு வாங்கினாள். முதல் தடவை அவர், "நல்லியா, முட்டியா? சூப்புக்குன்னா நல்லி எடுத்துக்க, அதுலதான் சாறு" என்றார். முட்டி வேண்டும், அறுக்காமல் முழுசாக வேண்டும், சாப்பிட இல்லை, ஆராய்ச்சிக்கு என்று அவள் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "ஆராய்ச்சி பண்ற அளவுக்கு எங்க கடை மாட்டுல அப்படி என்னம்மா தப்பு?" அதற்குப் பிறகு அவருக்கு அவள் டாக்டரம்மா. நல்ல முட்டியாக வந்தால் தனியாக எடுத்து வைப்பார். வாங்கி வந்ததை வேகவைத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, பொத்தலுக்குள் இருக்கும் கொழுப்பு கரையும்வரை மறுபடி மறுபடி வெந்நீர் மாற்றி, வில்லையாக அறுத்து, தண்ணீருக்குள் வைத்துக் காற்றுக் குமிழிகளை உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம் அந்த ஒரே வில்லையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இழைத்து, ஒவ்வொரு இழைப்புக்கும் ஒலியை விட்டுப் பதிவுசெய்ய வேண்டும். தடித்த வில்லையில் இரண்டு அலைகளும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். மெலிய மெலிய ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கண் தோற்ற பிறகும் கணக்கு அதே விடையைச் சொல்கிறதா என்பதுதான் சோதனை. சொன்னது. அந்தக் கணக்கை ஒவ்வொரு வரியாக எழுதியவளும் அவள்தான். எலும்புத் தூள் நகக்கண்ணில் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதினாள்.

சுரண்டிய சதையையும் கொழுப்பையும் வளாகத்து நாய்களுக்குப் போடுவாள். நாலைந்து நாய்கள். அவள் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டாலே எழுந்து நிற்கும்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்திருக்கிறாள். இது செத்த மாடு இல்லை, கடையில் விற்பது. யாரும் ஏவவில்லை, இது படிப்பு. வெளிநாட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். எல்லாம் சரியான வாதங்கள். அவற்றை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வரும்போதே, அப்படியானால் நாலு பேரில் உன்னிடம் மட்டும் ஏன் வந்தது என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். பட்டம் வாங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

வைவா நன்றாகவே போனது. சென்னைத் தேர்வாளர் அம்மா கறாரானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தரவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, விடை இந்த எல்லைக்குள்ளதான் இருக்கும்னு ஒரு முன்னூகத்தோட ஆரம்பிக்கிறீங்க. நீங்க எதை நம்பி உள்ள போறீங்களோ அதுதானே வெளிய வரும்?" என்றார்.

"தரவு கொஞ்சமா இருந்தா அப்படி ஆகும் மேடம்" என்றாள் செம்மொழி. "போதுமான தரவு இருந்தா, எங்கேருந்து ஆரம்பிச்சாலும் அது நம்மள நகர்த்திக் கொண்டுபோய் ஒரே இடத்துல விட்டுரும். வேற வேற முன்னூகங்கள் வச்சு ஓட்டிப் பார்த்திருக்கேன். அடுத்த படத்துல இருக்கு." படத்தைக் காட்டினாள். நாலு நிறத்தில் நாலு கோடுகள், வேறு வேறு மூலைகளிலிருந்து கிளம்பி வந்து ஒன்றாகச் சேர்ந்தன. தேர்வாளர் அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு தலையாட்டினார். சந்திரகாசன் முகம் மலர்ந்தது. மூன்றாவது வரிசையில் அப்பா, எதுவும் விளங்காவிட்டாலும் தலையாட்டியவரைப் பார்த்துத் தானும் தலையாட்டினார்.

"பார்வையாளர்கள்ல யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் துறைத் தலைவர். அது சம்பிரதாயம். கேள்வி கேட்பதற்கென்று வளவனிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள். அவன் எழுவதற்குள் ஒரு கை மேலே போனது. வளைந்த கை.

மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அப்பா எழுந்து, குறைதீர் கூட்டத்தில் எழுந்து நிற்பதுபோலவே, தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் செம்மொழியோட அப்பா, இராஜாங்கம். விவசாயம்." கூடத்தில் ஒரு சந்தோஷமான சலசலப்பு. "ஒரு அலை கெட்டியில போவுது, ஒரு அலை தண்ணியில போவுதுன்னு எம்பொண்ணு சொல்லிச்சு. அது எனக்கு வெளங்கிருச்சுங்க. எனக்கு என்ன சந்தேகம்னா, இது யாரு எலும்பு? வேலை செஞ்ச எலும்பா, சும்மா ஒக்காந்து தின்ன எலும்பா? ரெண்டுலயும் சத்தம் ஒரே மாதிரியா போவும்?"

யாரோ கை தட்டினார்கள். "ரொம்ப நல்ல கேள்வி" என்றார் சென்னை அம்மா, நிஜமாகவே ரசித்து. எல்லோரும் செம்மொழியைப் பார்த்தார்கள்.

"அது… மனுசன் எலும்பு இல்லப்பா" என்றாள். சபையில் அப்பா என்று கூப்பிட்டுவிட்டதற்குச் சிலர் சிரித்தார்கள். "மாதிரி எலும்பு. வேற… சோதனைக்குன்னு…"

"மாதிரின்னா?" என்றார் அப்பா மைக்கில். கேட்ட கேள்விக்கு அதிகாரி சுற்றி வளைத்தால் அவர் விடுவதில்லை. அந்தப் பழக்கம்.

சந்திரகாசன் எழுந்தார். தடுமாறும் மாணவிக்குக் கைகொடுக்க எழுந்தவர்தான். அவர் குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ஐயா, அது மாட்டு எலும்பு. நான் இத இந்த எடத்துல சொல்லியே ஆகணும். கடைக்குப் போயி வாங்கிட்டு வந்து, வேக வச்சு, சதையச் சொரண்டி, இழைச்சு, எல்லாம் இந்தப் பொண்ணு ஒண்டியா செஞ்சது. கணக்கு யாரு வேணா போட்டுரலாம் ஐயா. இந்த வேலைக்கு மத்த பசங்கள்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிட்டானுங்க. செம்மொழி ஒருநாள் மொகம் சுளிச்சதில்ல. இத்தன வருசத்துல ஒருநாள்கூட." கொஞ்சம் நிறுத்தினார். கண்கூடக் கலங்கியிருந்தது. "ஒங்க வளர்ப்பு ஐயா அது."

கூடம் முழுக்கக் கை தட்டியது. வளவன் எல்லோரையும்விட பலமாகத் தட்டினான்.

அப்பா மைக்கைப் பிடித்தபடி நின்றார். கைதட்டல் அடங்கும்வரை நின்றார். "சரிங்க" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் செம்மொழிக்குத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. தேர்வாளர்கள் உள்ளே போய் வந்து, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தார்கள். டாக்டர் செம்மொழி என்று முதல் தடவையாக மைக்கில் சொன்னார்கள். பொன்னாடைகள் வந்தன. சந்திரகாசன் ஒன்றை எடுத்துக்கொண்டு தானே இறங்கி வந்து அப்பாவின் தோளில் போர்த்தினார். அப்பா எழுந்து குனிந்து வாங்கிக்கொண்டார். படம் எடுத்தவர், "ஐயா, கொஞ்சம் சிரிங்க" என்றார். அப்பா சிரித்தார். தலைவாழை இலை போட்டு வைத்திருந்த சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "காலையில தின்னதே நெஞ்சுலயே நிக்கிதுங்க" என்று சொல்லிவிட்டார். பூவன் சீப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வெளியே வந்தார்கள். ஆடிக் காற்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு போனது. பொன்னாடையை மடித்துப் பைக்குள், பழத்தின் மேல் வைத்தார். சைக்கிள் கொட்டகையைக் கடந்துதான் வாசலுக்குப் போகவேண்டும். கொட்டகையின் நிழலில் படுத்திருந்த நாய்கள் செம்மொழியைக் கண்டதும் எழுந்தன. பட்டுப்புடவை அவற்றுக்குப் பொருட்டில்லை. வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, அவளைச் சுற்றி முனகி, கையை முகர்ந்து, விரல்களை நக்கின. அவள் "ச்சீ, போ" என்றாள். போகவில்லை. அவள் குரலுக்கு இன்னும் கொஞ்சம் வாலை ஆட்டின. அப்பா நின்று பார்த்தார். நாய்களைப் பார்த்தார், பிறகு அவை வந்த திசையில் தகரத்தின் கீழே கவிழ்த்து வைத்திருந்த குண்டானை, கரி பிடித்த சுவரைப் பார்த்தார்.

"அங்கதானா?"

"ம்."

"யாராவது அடிச்சாங்களா?"

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "இல்லப்பா."

"படிப்ப நிறுத்திருவேன்னு மெரட்டுனாங்களா?"

"இல்ல."

"நீ முடியாதுன்னு சொன்னியா?"

ஒரு நாய் முன்னங்காலைத் தூக்கிப் புடவைக் கொசுவத்தில் வைத்தது.

"சொல்லிப் பாத்தியான்னு கேக்குறேன்."

"இது செத்த மாடு இல்லப்பா" என்றாள். "கடையில…"

அப்பா நடக்க ஆரம்பித்திருந்தார்.

ஷேர் ஆட்டோவில் அவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவள் பின்னால், இரண்டு காய்கறிக் கூடைகளுக்கு நடுவில். பழைய பஸ் ஸ்டாண்டு வரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சட்டையில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. அடுப்பைச் சிறிதாக்கிய அந்த முதல் நாளில் முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாள். ஒன்றும் ஆகியிருக்காது. சந்திரகாசன் சங்கடப்பட்டு மன்னிப்புக்கூடக் கேட்டிருப்பார். வேறு யாராவது ஆளைப் பிடித்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

கும்பகோணம் போகும் பஸ், நிலையத்துக்குள் திரும்பும்போதே கூட்டம் அதோடு சேர்ந்து ஓடியது. அப்பாவும் ஓடினார். எப்போதும் செய்வதுபோல, நகரும் பஸ்ஸோடு நாலடி போய், திறந்திருந்த ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்தார். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவளுக்கு அந்தத் துண்டைத் தெரியும். கூட்டத்தில் இடிபட்டு அவள் ஏறி வரும்போது அந்தத் துண்டு ஏதாவது ஓர் இருக்கையில் கிடக்கும். அப்பா அதை எடுத்து உதறித் தோளில் போடுவார். அவள் உட்காருவாள்.

அவள் பின்வாசலில் ஏறினாள். உள்ளே வருவதற்குள் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. முன்னால் நாலைந்து இருக்கை தள்ளி, இரண்டு பேர் உட்காரும் இடத்தில் அப்பா ஜன்னல் ஓரமாக இருந்தார். மடியில் மஞ்சள் பை. பக்கத்தில் துண்டு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பியது.

உரச்சாக்கில் எதையோ கட்டித் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவர் துண்டைப் பார்த்துவிட்டு, "இங்க ஆளு வருதாங்க?" என்றார்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, ஒங்களத்தான். ஆளு இருக்கா இல்லியா? இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லேன்னா துண்ட எடுங்க, நான் ஒக்கார்றேன்."

அப்பா இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. துண்டையும் எடுக்கவில்லை.

"நல்ல ஆளுய்யா" என்று முணுமுணுத்துக்கொண்டு அந்த மனிதர் சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"வழியில நிக்காதீங்க, முன்னால போங்கம்மா, முன்னால எடம் இருக்கு பாரு" என்றார் கண்டக்டர் செம்மொழியைப் பார்த்து. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் மேலே கம்பியைப் பிடித்தாள். விரல்களைத் துடைத்த பட்டுப்புடவை முந்தானையில் நாயின் எச்சில் ஈரம் இன்னும் இருந்தது. பஸ் வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் குலுக்கலில் காலி இருக்கையிலிருந்து நழுவப் பார்த்த துண்டின்மேல் அப்பா இடது கையை வைத்தார். வளைந்த இடத்தில் வெயில் பட்டது. கையை அவர் எடுக்கவில்லை.